மூன்று திட்டு முத்து

தோட்டத்துப் பேர்ப் புத்தகத்தில் அவருக்கு ஆயா என்றே பெயர். பிள்ளைகளுக்கும் ஆயா, பெற்றவர்களுக்கும் ஆயா, துரைக்கும் ஆயா. அவருக்கென்று பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால், “சொல்றேன், பதிலுக்கு நீ என்ன குடுப்ப?” என்றுதான் அவர் திருப்பிக் கேட்டிருப்பார்.

வயது அப்போது முப்பத்தைந்துக்கு மேல் இராது. எனக்கு நினைவிருப்பவை: இடுப்பில் செருகிய ஈரத்துணி, ஒற்றைக்கல் மூக்குத்தி, சற்றே நீளமாக விட்ட வலது கட்டைவிரல் நகம், ரயிலுக்குப் போட்டியான குரல். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் மேல்கோடியில் நின்று அவர் கூப்பிட்டால், கீழே புகைக் கொட்டகையில் இருப்பவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

அவரிடம் ஒரே ஒரு பழக்கம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. ஒன்றைக் கையில் வாங்காமல் இன்னொன்றைக் கையைவிட்டு விடமாட்டார். முறம் கேட்டு வந்தவள் தன் சீப்பை வைத்துவிட்டுப் போக வேண்டும். அம்மிக் குழவி கேட்டவள் வளையலைக் கழற்ற வேண்டும். ஒருநாள் மழையில் கங்காணி குடை கேட்டு வந்தார். ஆயா அவருடைய தலைப்பாகையைக் கேட்டார். கங்காணி சிரித்தார், ஆயா சிரிக்கவில்லை. மறுநாள் விடியலில் ஆள் எண்ணும் பெரட்டில் கங்காணி வெறுந்தலையோடு நின்றார். இத்தனை வருஷமாக எங்களை மேய்த்தவருக்கு உச்சந்தலையில் ஒரு முடிகூட இல்லை என்பது அன்றுதான் தோட்டத்துக்குத் தெரிந்தது.

மாரியம்மன் கோயிலிலும் அப்படித்தான். காணிக்கையை இடது கையில் இறுக்கி மூடிக்கொண்டு வலது கையை நீட்டுவார். திருநீறு வலது கையில் விழுந்த பிறகுதான் இடது கை திறக்கும். பூசாரி முணுமுணுப்பார். “ஆத்தாவுக்குத் தெரியும் என்னைப் பத்தி. நீ வெசனப்படாத” என்பார் ஆயா.

எங்கள் ரப்பர்த் தோட்டம் மலாயாவில், லாபிஸ் ரயிலடியிலிருந்து நாலு கல் தள்ளி, தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. பெண்கள் இருட்டு பிரியும் முன்பே, மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்குப் போவார்கள். போகிற வழியில் கைக்குழந்தைகளையும் நடக்கிற குழந்தைகளையும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். அத்தாப்பு ஓலைக் கூரை, மெழுகிய தரை, விட்டத்திலிருந்து தொங்கும் சாக்குத் தொட்டில்கள். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்பும் வரை பிள்ளைகள் ஆயாவின் பொறுப்பு. கஞ்சி, குளியல், தூக்கம், சண்டை விலக்கல் எல்லாம் அவரே.

அங்கே அந்தப் பழக்கம் ஒரு சட்டமாகவே ஆகியிருந்தது. அதை விளக்க ரப்பர் விதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆமணக்கு விதையை முத்து என்பதுபோல எங்கள் தோட்டத்தில் ரப்பர் விதையையும் முத்து என்போம். வழவழப்பான ஓடு, அதன்மேல் காப்பி நிறத் திட்டுகளும் கீற்றுகளும். வெளியாள் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஒரு மரத்து முத்தில் இருக்கும் கோலம் வேறு மரத்து முத்தில் இருக்காது. அதே மரத்து முத்துகள் எல்லாவற்றிலும் ஒரே கோலந்தான். தினமும் அதே மரங்களின் அடியில் குனிந்து நிமிரும் பால்வெட்டுப் பெண்களுக்கு இது சொல்லாமலே தெரியும்.

ஒவ்வொரு தாயும் தன் நிரையில், அதாவது தனக்கு ஒதுக்கிய மர வரிசையில், ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, அந்த மரத்து முத்து இரண்டை ஆயாவிடம் கொண்டு வர வேண்டும். ஒன்றில் ஓட்டை போட்டு நூலில் கோத்து, பிள்ளையின் தொட்டிலுக்கு மேலே விட்டத்தில் கட்டுவார். மற்றது தாயிடம் இருக்கும். மத்தியானம் தாய் வந்து முத்தை நீட்டினால், ஆயா கட்டைவிரல் நகத்தால் அதை ஒரு தடவு தடவி, விட்டத்தைப் பார்த்து, பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பார். முத்து இல்லை என்றால் பிள்ளை இல்லை. மறந்துவிட்டு வந்த தாய்மார்கள் லயத்துக்கு ஓடிப்போய் எடுத்து வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான் இப்போது ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்த மருத்துவச்சி. குழந்தை பிறந்ததும் அதன் மணிக்கட்டில் எண் எழுதிய துணிப்பட்டை கட்டுகிறோம், தாயின் கையில் அதே எண். நல்ல முறைதான். ஆனால் வேர்வையில் மை கலைந்துவிடுகிறது. முத்தின் கோலம் கலைவதில்லை. சென்ற வருஷம் ரப்பர்க் கன்றுகளுக்கு ஒட்டுக்கட்டும் வேலை தெரிந்த ஒருவர் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்டேன். முத்தின் ஓடு முழுக்கத் தாய் மரத்தின் உடம்பு, பூந்தூள் எந்த மரத்திலிருந்து வந்திருந்தாலும் ஓட்டில் தாயின் கோலந்தான் இருக்கும் என்றார். ஆயாவுக்கு இது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தோட்டம் பூராவும் கேட்கும்படி சொல்லியிருப்பார்.

இந்தச் சட்டம் துரை வரை போனதற்குக் காரணம் எங்கள் தோட்டத்து டிரஸர். யாழ்ப்பாணத்துக்காரர், மருந்துக் கொட்டகைக்குப் பொறுப்பானவர், வெள்ளைக் கால்சட்டையில் மடிப்புக் கலையாதவர். ஒருநாள் காய்ச்சல் கண்ட குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போக வந்தார். ஆயா வழியை மறித்து முத்து கேட்டார்.

“என்ன பிள்ளை இது? நான் என்ன, குழந்தையைப் பிடிச்சுத் தின்னப் போறனோ?”

“தின்ன மாட்டீங்க ஐயா. எங்கயாச்சும் வெச்சிட்டு மறந்துடுவீங்க. முத்து இல்லாட்டி சப்பாத்தைக் கழட்டுங்க. ஒத்தச் சப்பாத்து போதும்.”

டிரஸர் ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் வெறும் காலுறையோடுமாகக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சரளைப் பாதையில் நொண்டி நொண்டிப் போனதைத் தோட்டமே பார்த்தது. அவர் நேராகத் துரையிடம் போய் முறையிட்டார். துரை விழுந்து விழுந்து சிரித்தாராம். சிரித்து முடித்துவிட்டு, முத்து கொண்டு வராதவர் யாரும் ஆயாவிடமிருந்து பிள்ளையைத் தூக்கக் கூடாது, மீறினால் ஜாகா பிடித்து வெளியே தள்ளட்டும் என்று ஆபீசு எழுத்தரான கிராணியிடம் சொல்லிவிட்டார். ஜாகா என்பது தோட்டத்து வாசலில் நிற்கும் பஞ்சாபிக் காவல்காரர். ஆயா தகரத்தைத் தட்டினால் அவர் வர வேண்டும் என்று ஏற்பாடு. இது டிரஸர் நினைத்தது அல்ல.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

என் அப்பா புகைக் கொட்டகையில் ரப்பர் ஷீட்டு காயவைக்கும் வேலையில் இருந்தார். பால்வெட்டுக்கு ஒரு நாளும் போனதில்லை. அம்மாவின் இடது கையில் மூன்று விரல்கள்தாம் மடங்கும், மற்ற இரண்டும் ஏன் மடங்காது என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரியும். கடைசியில் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடி, துரும்பைக் கிள்ளிப் போட்டு இருவரையும் பிரித்துவிட்டது. பிள்ளைகள் இருவரும் அம்மாவுக்கு. அப்பா வேண்டும்போது வந்து பார்த்துவிட்டுப் போகலாம். அப்பா பெக்கோக் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார். அப்போது எனக்கு ஏழு வயது, தங்கைக்கு இரண்டு.

அவர் முதல் தடவை பார்க்க வந்தபோது, கடைக்குப் போகலாம் என்று என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். போனது ரயில் பாலத்துக்கு. பாலத்தின் நடுவில் ஒரு கட்டைமேல் என்னை நிறுத்தி, பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துக்கொண்டார். அம்மா வந்து திரும்பவும் அவரோடு வாழ வருவதாகச் சொன்னால் இறக்கிவிடுவதாக அந்த வழியாகப் போன ஆள் மூலம் சொல்லியனுப்பினார். கீழே ஆறு பழுப்பாக ஓடியது. வண்டி வர எவ்வளவு நேரம் இருந்தது என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது. அம்மா ஓடி வந்து வருகிறேன் என்றாள். அவர் என்னை இறக்கிவிட்டார். அதற்குள் தண்டவாள வேலையாட்கள் கூடிவிட்டதால் தனியாகவே போனார்.

அன்றைக்குப் பிறகும் லயத்தில் பேச்சு மாறவில்லை. அடுத்த வீட்டுச் செல்லம்மா அக்கா எங்களுக்குக் கஞ்சி கொண்டு வந்து கொடுத்தவர், நல்ல மனசுக்காரர். அவரே அம்மாவிடம், “ஆத்திரத்துல பண்ணிட்டான். என்ன இருந்தாலும் அப்பன் இல்லியா? புள்ளைய கண்ணுல காட்டாம இருக்க முடியுமா?” என்றார். கிராணியும் அதையே கொஞ்சம் இலக்கணமாகச் சொன்னார்.

அதுவரை தங்கையை லயத்தில் நானே பார்த்துக்கொண்டிருந்தேன்; இப்போது அம்மா ஆயாவிடம் போனாள். என்ன கேட்பது என்று தெரியாமல் வாசலில் நின்றாள்.

“முத்து கொண்டாந்தா குடுப்பேன்” என்றார் ஆயா, ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே. “இல்லாட்டி அந்த ஆத்தாவே எறங்கி வந்தாலும் குடுக்க மாட்டேன். உம் மரம் எது?”

அம்மாவின் நிரை ரயில்பாதை ஓரம், தோட்டத்தின் கடைசி. அதில் கடைசி மரத்து முத்தை அம்மா கொண்டு வந்தாள். வெளிர் சாம்பல் ஓடு, ஓரமெல்லாம் மெல்லிய கீற்று, முதுகில் கோழிக்கால் தடம்போல மூன்று பெரிய திட்டுகள். எனக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒரே முத்து. ஏழு வயதில் எனக்குத் தொட்டில் தேவையில்லை. தோட்டத்தில் பள்ளிக்கூடம் இல்லாததால் தங்கையை ஆட்டிக்கொண்டு நானும் அங்கேயே இருந்தேன்.

எண்ணுவது எனக்கு அப்போதே பழக்கம். அம்மாவோடு, மரத்தில் பால் வடியும் கிண்ணமான மங்கு எண்ணிக் கற்றது. தொட்டில், கஞ்சிக் குவளை, கூரையில் பல்லி என்று எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேன். ஆயா என்னைக் “கணக்கப்புள்ள” என்று கூப்பிடுவார். ஒருநாள் விட்டத்து நூல்களை எண்ணினேன். பிள்ளைகள் இருபத்தாறு பேர். எங்கள் இருவருக்கும் ஒரே நூல் என்பதால் இருபத்தைந்து இருக்க வேண்டும். இருபத்தாறு இருந்தன. மூலையில் ஒரு நூல், அதன் கீழே தொட்டில் இல்லை.

“ஆயா, ஒண்ணு கூட இருக்கு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இருக்கட்டும். அதுக்கு யாரும் வர மாட்டாங்க. நீ போயி கஞ்சிக் குவளைய எண்ணு.”

அம்மாதான் பிறகு சொன்னாள். ஆயாவுக்கு ஒரு மகன் இருந்தானாம். அவர் பால்வெட்டில் இருந்த நேரத்தில் புருஷன் வந்து கேட்க, லயத்தில் இருந்தவர்கள் அப்பன்தானே என்று பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அப்பனும் பிள்ளையும் சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறிவிட்டார்கள். வேறு தோட்டத்தில் நடந்தது. ஆயா அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த மூலையைக் கூட்டும்போது மட்டும் நூலில் படாமல் விளக்குமாற்றைத் தாழ்த்திப் பிடிப்பார்.

அப்பா மறுபடி வந்தபோது கிராணியிடம் ஒரு கடிதாசி வாங்கி வந்தார். ஆயா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, எழுத்து நன்றாக இருக்கிறது, முத்து எங்கே என்றார். அதற்கடுத்த தடவை வழியில் பொறுக்கிய முத்து ஒன்றை நீட்டினார். ஆயா அதைத் தொடக்கூட இல்லை. காடை முட்டைபோல முழுக்கப் புள்ளியாக இருந்தது அது. “தம்பி, இது ஆபீசு பின்னால நிக்கிற மரம். அந்த மரத்துக்குப் புள்ளைங்க யாரும் இல்ல” என்றார். வாசலில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கொட்டகைக்கு மூன்றாவது தடவை வந்தபோது அப்பா புத்திசாலித்தனம் செய்வதாக நினைத்தார். காய் வெடிக்கும் காலம் அது. வெயில் ஏற ஏற ரப்பர்க் காய்கள் பட்பட்டென்று வெடித்து, முத்து கூரைமேல் விழுந்து உருளும். அவர் இரண்டு பைகளும் பிதுங்க முத்து பொறுக்கி வந்து, ஆயாவின் முன்னால் தரையில் கொட்டினார்.

“இதுல ஒண்ணு இருக்கும். பாத்துக்க.”

ஆயா வெகு மரியாதையாக அவருக்குப் பலகை போட்டார். தானும் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். முதல் முத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, இது இன்னார் நிரை, ஓடை ஓரம், சாய்ந்த மரம் என்று சொல்லி இடது பக்கம் வைத்தார். இரண்டாவதை எடுத்தார். அது மேட்டு மரம், போன வருஷம் இடி விழுந்தது, ஆனாலும் பால் குறையவில்லை. மூன்றாவது முத்துக்கு அந்த மரத்தை வெட்டுகிறவளின் மாமியாரைப் பற்றியும் சொன்னார். நடுவில் ஒரு குழந்தை அழுதால் எழுந்து போய் ஆட்டிவிட்டு வந்து, விட்ட இடம் மறந்துபோனது என்று முதலிலிருந்து தொடங்கினார். அப்பா மூன்று தரம் எழுந்தார். “இருங்க தம்பி, இன்னும் பாதி இருக்குல்ல, ஒருவேளை இருந்துட்டா?” என்று ஆயா கையமர்த்தினார். தொலைவில் பிற்பகல் வண்டி ஊதிக்கொண்டு பெக்கோக் பக்கம் போனது. அப்பா அதைக் கேட்டார், ஆயாவும் கேட்டார்.

“அடடா” என்றார் ஆயா. “வண்டி போயிருச்சே. சரி, நூறு முத்து பாத்தாச்சி. ஒண்ணும் இல்ல.”

அப்பா அன்று நடந்தே போனார். நாங்கள் ஒரு வாரம் அந்த முத்துகளை வைத்துப் பல்லாங்குழி ஆடினோம்.

இவ்வளவும் சிரிப்பாக இருந்தது. அடுத்தது என்னால் வந்தது.

குழாயடியில் நான் தனியாக இருந்தபோது அப்பா வந்தார். கையில் கச்சான் என்னும் வேர்க்கடலை மிட்டாய்ப் பொட்டலம். பாலத்துக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ சொன்னார். தலையைத் தடவினார். சிங்கப்பூரில் கப்பல் பார்க்கலாம், தங்கைக்கும் உனக்கும் ஒரே மாதிரி கவுன் வாங்கலாம் என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார், அம்மா அந்த முத்தை எங்கே வைத்துக்கொள்கிறாள் என்று. கேள்வி கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்வது எனக்குப் பெருமை. நான் விரல் மடக்கிச் சொன்னேன். ஒன்று, ராத்திரி உப்புப் பானையில். இரண்டு, வேலை நேரத்தில் தலைத்துணி முடிச்சில். மூன்று, பால் ஊற்றும்போது தலைத்துணியோடு பால் நிறுக்கும் ஸ்டோர்ச் சுவரில் இருக்கும் ஆணியில். எத்தனையாவது ஆணி என்றும் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் அப்பா கொட்டகைக்கு வந்தார். வெளுத்த சட்டை போட்டிருந்தார், கையில் ஒரு மூட்டை. பால் நிறுத்துவிட்டுப் பிள்ளைகளை எடுக்க ஏழெட்டுப் பெண்கள் வாளியும் கையுமாக வந்திருந்தார்கள். அம்மாவின் நிரைதான் தூரம். அவள் எப்போதும் வரிசையில் கடைசி. இன்னும் ஸ்டோரில் நின்றுகொண்டிருந்தாள்.

அப்பா ஒரு முத்தை ஆயாவின் உள்ளங்கையில் வைத்தார்.

ஆயாவின் நகம் அதன் முதுகில் ஓடியது. பாதியில் நின்றது. அந்த நகத்தை நான் நாள்தோறும் பார்த்திருக்கிறேன். அது சரியான முத்தில் மட்டுந்தான் அப்படி நிற்கும். வெளிர் சாம்பல் ஓடு, மூன்று திட்டு. ஆயா விட்டத்தைப் பார்க்கவில்லை. கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். தன் சட்டத்தை அவர் ஒரு தடவைகூட மீறியதில்லை. துரைக்கே விளங்கிய சட்டம். முத்து வந்துவிட்டது, பிள்ளையைக் கொடுக்க வேண்டும்.

“இது வேற மரம்” என்றார் ஆயா.

“பொய்” என்றார் அப்பா. குரலை உயர்த்தவே இல்லை. “நல்லாப் பாரு. இது அவ முத்துதான். துரைகிட்டப் போவேன். முத்து குடுத்தும் புள்ளைய குடுக்கலன்னு சொல்லுவேன். அப்புறம் ஒன் சட்டம் என்ன ஆவும்?” பெண்கள் பக்கம் திரும்பினார். “இவங்க எல்லாம் மரம் வெட்டுறவங்கதானே. கேளு. இவங்களே சொல்லட்டும்.”

ஆயா முத்தை முன்னால் நின்ற செல்லம்மா அக்காவின் கையில் வைத்தார்.

செல்லம்மா அக்காவின் நிரை அம்மாவின் நிரைக்குப் பக்கத்து நிரை. அந்த மரத்து முத்து அவர் காலில் தினமும் மிதிபடும். அவர் முத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார், அவர் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். அப்பன் இல்லியா என்று சொல்லிக்கொண்டே இருந்த அந்த வாயை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வேற மரம்” என்றார். பக்கத்தில் நின்றவளிடம் முத்தைக் கொடுத்தார்.

“வேற மரந்தான்” என்றாள் அவள், அதைச் சரியாகப் பார்க்காமலே.

முத்து கை மாறிக்கொண்டே போனது. வேற மரம். வேற மரம். ஒருத்தி அது இந்தத் தோட்டத்து முத்தே இல்லை, பெக்கோக் முத்து மாதிரி இருக்கிறது என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பால் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றார்கள். இடுப்பில் எல்லாருக்கும் பால்வெட்டு உளி இருந்தது, அது வேலைக்குப் போனவர்களின் இடுப்பில் இருப்பதுதான்.

அப்பாவின் முகத்தில் வேர்வை பூத்தது. கடைசியில் என்னைப் பிடித்தார். கையால் அல்ல, கண்ணால்.

“எம் மகளைக் கேளுங்க. அவளுக்குத் தெரியும். அவ பொய் சொல்ல மாட்டா. எங்க இருக்குன்னு எனக்குச் சொன்னதே அவதான்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆயா முத்தை வாங்கி என் கையில் வைத்தார். கோபிக்கவில்லை. “பாரு கணக்கப்புள்ள. பாத்துச் சொல்லு” என்றார்.

ஒன்று, இரண்டு, மூன்று. கோழிக்கால் தடம். சின்னக் கீற்றுகள்கூட எனக்குப் பழக்கம். முத்து அப்பாவின் பையிலிருந்து வந்ததால் இன்னும் கதகதப்பாக இருந்தது. தங்கை என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கச்சான் மிட்டாய் கேட்டாள். எனக்குப் பாலத்தின் கட்டை ஞாபகம் வந்தது, அதன்மேல் என் இரண்டு கால்களும்.

“வேற மரம்” என்றேன். போதாது என்று தோன்றியது. “எங்க மரத்துக்கு மூணு திட்டு. இதுல ரெண்டுதான் இருக்கு.”

நான் எதையும் தெரிந்தே தப்பாக எண்ணியது அதுதான் முதல் தடவை.

அப்பா கையை ஓங்கினார். ஓங்கிய கை இறங்குவதற்குள் எங்களுக்கு நடுவில் ஒரு வாளி இருந்தது, ஆயாவின் முதுகு இருந்தது, செல்லம்மா அக்கா இருந்தார். யாரோ தகரத்தைத் தட்டினார்கள். ஜாகா பாதை வளைவில் தெரிந்தார். அப்பா மூட்டையை எடுத்துக்கொண்டு போனார். பிறகு அவர் எங்களைத் தேடி வரவில்லை. கப்பல் ஏறிவிட்டதாக யாரோ பெக்கோக்கிலிருந்து சொன்னார்கள். அதோடு சரி.

கொஞ்ச நேரத்தில் அம்மா ஓடி வந்தாள். தலைத்துணியைக் கையில் பிடித்திருந்தாள், முடிச்சு அவிழ்ந்திருந்தது. எங்களைக் கண்டதும் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு தங்கையைத் தூக்கக் கை நீட்டினாள். ஆயா குறுக்கே வந்து நின்றார்.

“முத்து எங்க?”

அம்மாவுக்குப் புரியவில்லை. “ஆயா, வெளாடாதீங்க. எனக்கு நெஞ்சு அடிச்சிக்குது.”

“நான் எங்க வெளாடுறேன்? முத்து இல்லாம யாருக்கும் புள்ள கெடையாது. இன்னிக்கு உனக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு அவன் வந்து கேப்பான். போ, போயி உம் மரத்துலேருந்து எடுத்துட்டு வா.”

அம்மா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள். செல்லம்மா அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். அவர்கள் தங்கள் பிள்ளைகளை இடுப்பில் போட்டுக்கொண்டு, அம்மாவை நடுவில் விட்டு, கடைசி நிரையை நோக்கிப் போனார்கள். வெயிலில் காய்கள் வெடித்துக்கொண்டிருந்தன. யாரோ ஒருத்தி, இன்னொரு புருஷன் வந்தாலும் வருவான், ரெண்டா எடுத்துக்கடி என்று சொன்னது கொட்டகை வரைக்கும் கேட்டது. அம்மா வாய்விட்டுச் சிரித்ததும் கேட்டது. அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

திரும்பி வந்தபோது எல்லார் முகத்திலும் வேர்வை, அம்மாவின் கையில் மண் ஒட்டிய புது முத்து. ஆயா அதை ஈரத்துணியில் துடைத்தார். தான் என்னிடமிருந்து திரும்ப வாங்கி வைத்திருந்த அப்பாவின் முத்தை இடுப்புச் செருகலிலிருந்து எடுத்து, இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் எக்கிப் பார்த்தேன். வெளிர் சாம்பல் ஓடு, கீற்று, கோழிக்கால் தடம். ஒரு தாய் மக்கள் என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

ஆயா வெகு நேரம் பார்த்தார். இதைவிடச் சிரமமான காரியம் உலகத்தில் இல்லை என்பதுபோலப் புருவத்தைச் சுருக்கினார்.

“கணக்கப்புள்ள, இப்ப உங்கம்மா கொண்டாந்ததுல எத்தனை?”

“மூணு.”

“இதுல?”

நான் அம்மாவைப் பார்த்தேன்.

“ரெண்டு” என்றேன்.

“ஆங்” என்றார் ஆயா. தங்கையைத் தூக்கி அம்மாவின் கையில் கொடுத்தார். “இதுதான் சரியான மரம்.”